பொந்து விழுந்த புளியமரம்

பழைய நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் இன்னும் எஞ்சி நிற்கும் புளியமரங்களில் பலவும் பொந்து விழுந்தவை. சிலவற்றின் அடிமரத்துக்குள் ஒரு ஆள் தாராளமாக நுழைந்து நிற்கலாம். உள்ளே உளுத்த தூள், சிலந்தி வலை, யாரோ அடுப்பு மூட்டிய கரி. அண்ணாந்து பார்த்தால் சில மரங்களில் வானம்கூடத் தெரியும். நடுவில் ஒன்றுமே இல்லாத இந்த மரம்தான் ஆண்டுதோறும் மாசி, பங்குனியில் காய்த்துத் தொங்குகிறது. மகசூலை ஏலமும் விடுகிறார்கள். ஆட்டுக்கோ மாட்டுக்கோ உடம்பின் நடுப்பகுதி அழுகிப்போனால் ஒரு நாள் தாங்காது. மரம் மட்டும் எப்படிப் பல பத்தாண்டுகள் தாங்குகிறது?

இப்படிப்பட்ட மரத்தைப் பார்த்ததும் கேமராவை எடுப்பவர்கள் உண்டு. "உள்ளே ஒண்ணுமே இல்ல சார், அடுத்த காத்துக்கு விழுந்துடும்" என்று ரம்பத்தைத் தேடுபவர்களும் உண்டு. இரண்டு தரப்புக்குமே பொந்து என்றால் தள்ளாமை. முதல் தரப்பு அதை ரசிக்கிறது, இரண்டாவது பயப்படுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பொந்து, முண்டு, சாய்வு, மொட்டை உச்சி என்று முதுமரத்தின் மேனியில் இருப்பது ஒவ்வொன்றும் அதற்கு என்றோ நேர்ந்த ஒன்றுக்கு அது செய்துகொண்ட ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைப் புரிந்துகொண்டு பார்த்தால் அழகு கூடுமே தவிரக் குறையாது என்பது என் கட்சி.

முதலில் மரத்தில் உயிர் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். பச்சை மரத்தில் பட்டையை உரித்தால் வழவழப்பான ஈரம் விரலில் படும். அந்த இடத்தில் இருப்பது ஒருசில செல்களே கனமுள்ள படலம். பாடப்புத்தகத்தில் கேம்பியம் என்று படித்திருப்போம். இங்கே வளர்படலம் என்று வைத்துக்கொள்வோம். வேரிலிருந்து நுனிக்கிளை வரை மரம் முழுவதையும் ஒரே உறையாக இது மூடியிருக்கிறது. இதன் செல்கள் பிரிந்து பிரிந்து இரண்டு பக்கமும் புதிய செல்களைப் போடுகின்றன. வெளிப்பக்கம் போடுபவை பட்டையோடு சேர்ந்து, இலையில் உண்டான சர்க்கரையைக் கீழே இறக்கும் குழாய்களாகின்றன. உட்பக்கம் போடுபவை வேர் உறிஞ்சிய நீரை மேலே ஏற்றும் குழாய்களாகின்றன. கட்டை, பலகை, விறகு என்று நாம் சொல்வதெல்லாம் இந்த உட்பக்கச் சரக்குதான்.

அந்தக் கட்டையிலும் எல்லாப் பகுதிக்கும் வேலை கிடையாது. ஓரத்தில் புதிதாக உண்டான அடுக்குகளில்தான் நீர் ஏறுகிறது. உள்ளே இருக்கும் அடுக்குகள் பழசாக ஆக, மரம் அவற்றைக் கைவிடுகிறது. அங்கே சேமித்திருந்த மாவுச்சத்தை எடுத்துக்கொண்டு, பிசினையும் துவர்ப்புப் பொருள்களையும் நிரப்பி, மிச்சமிருக்கும் உயிருள்ள செல்களையும் மடியவிடுகிறது. இப்படி இறந்த பகுதிதான் வைரம். தச்சர் விலை கொடுத்துத் தேடுவது அதைத்தான். பூச்சி அரிக்கும் என்று அவர் செதுக்கித் தள்ளும் வெள்ளைப் பகுதியில்தான் மரத்தின் உயிர் ஓடிக்கொண்டிருந்தது.

நீரும் சர்க்கரையும் போகும் வழிகளை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? 17ஆம் நூற்றாண்டில் இத்தாலிய மருத்துவர் மார்ச்செல்லோ மால்பிகி தண்டைச் சுற்றி ஒரு வளையம் அளவுக்குப் பட்டையை மட்டும் உரித்துவிட்டுக் கவனித்தார். வளையத்துக்கு மேலே பட்டை வீங்கியது. கீழே வளர்ச்சி நின்றது. சத்து மேலிருந்து பட்டை வழியாக இறங்குகிறது, வழி அடைபட்டதும் தேங்கிவிட்டது என்பது தெளிவாயிற்று. இலைகள் உடனே வாடாததால், நீர் ஏறும் வழி பட்டையில் இல்லை, உள்ளே கட்டையில் இருக்கிறது என்பதும் தெரிந்தது. மரத்தைச் சத்தமில்லாமல் தீர்த்துக்கட்ட நினைப்பவர்கள் இன்றைக்கும் இதே சோதனையைத்தான் செய்கிறார்கள். அடியில் ஒரு சாண் அகலத்துக்குச் சுற்றிலும் பட்டையை உரித்துவிட்டால் வேர் பட்டினி கிடந்து சாகும். பின்னாலேயே மரமும் காயும். வயிறு முழுக்கக் குடைந்துபோன மரம் வாழ்ந்துகொண்டிருக்க, விரலளவு ஆழத்துக்குத் தோல் போன மரம் செத்துப்போகிறது.

சரி, உயிர் ஓரத்தில் இருக்கிறது. காற்றைத் தாங்க நடுவில் கட்டை வேண்டாமா? சைக்கிளின் முன்பார் வெறும் குழாய். அதன்மேல்தான் ஒரு ஆளை உட்காரவைத்து மிதிக்கிறோம். எந்தத் தண்டை வளைத்தாலும் ஒரு பக்கம் இழுபடும், எதிர்ப்பக்கம் நெரிபடும். நட்ட நடுவில் இரண்டும் இல்லை. ஆகவே நடுவில் இருக்கும் பொருள் சுமையில் பங்கெடுப்பதே இல்லை என்று சொல்லலாம். அடிமரமும் காற்றில் இப்படித்தான் வளைகிறது. ஆரத்தில் பாதி வரை குடைந்துபோன மரம் தன் விறைப்பில் 6 சதவீதத்தைத்தான் இழக்கிறது. பத்தில் ஏழு பங்கு வரை குடைந்தால் கட்டையில் பாதி காணாமல் போயிருக்கும். விறைப்பிலோ கால் பங்குதான் குறைந்திருக்கும். அதற்குமேல்தான் ஆபத்து. பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டால் விறைப்பில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது.

கணக்கு இப்படிச் சொல்கிறது. காட்டில் என்ன நடக்கிறது? ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரில் மரங்களின் இயந்திரவியலை ஆராய்ந்த கிளவுஸ் மாத்தெக், நிற்கும் பொந்து மரங்களையும் ஒடிந்து விழுந்த பொந்து மரங்களையும் அளந்து ஒப்பிட்டார். மிஞ்சியிருக்கும் சுவரின் கனம் ஆரத்தில் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே போன மரங்களிடையேதான் ஒடிந்தவை மிகுந்திருந்தன. 1990களில் வெளியான இந்த அளவுகோலை நகர மரங்களைச் சோதிப்பவர்கள் பல நாடுகளில் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் இதை வேதவாக்காகப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்ற விமர்சனமும் அப்போதிருந்தே உண்டு; எனக்கு அது நியாயமாகவே படுகிறது. உயரமும் தலைப்பாரமும் உள்ள மரத்துக்கு ஒரு கணக்கு, குட்டையாகிக் குடை சுருக்கிய கிழமரத்துக்கு வேறு கணக்கு. பிந்தையது இதைவிட மெல்லிய சுவரோடும் நிற்கும். பொந்து ஒரு பக்கம் வாய் பிளந்திருந்தால் குழாய்க் கணக்கே செல்லாது. இன்னொன்று: 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் சாய்த்த மரங்களில் ஏராளமானவை நடுவில் ஒடியவில்லை, வேரோடு பெயர்ந்தன. நடைபாதைக்கும் குழாய்க்கும் பள்ளம் தோண்டும்போது வெட்டுப்படும் வேர்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பொந்தின் மேல் பழி போடுவது சுலபம்.

பொந்து உண்டாகும் கதையைத் திருத்தி எழுதியவர் அலெக்ஸ் ஷைகோ. 1959இல் அமெரிக்க வனத்துறையின் ஆய்வாளராக நியூ ஹாம்ப்ஷயரில் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு ஆள் தனியாகத் தூக்கிப் பிடிக்கும் மோட்டார் ரம்பம் அப்போதுதான் பரவலாகியிருந்தது. அதுவரை ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் மரத்தைக் குறுக்கே அறுத்து வட்டத் துண்டைத்தான் பார்த்தார்கள். ஷைகோ நெடுக்கிலும் அறுத்தார். ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்தார். கிளை முறிந்த காயத்திலிருந்து அழுகல் எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று நிறம் மாறிய தடத்தைப் பின்தொடர்ந்து குறித்தார்.

அவர் பார்த்தது விசித்திரமாக இருந்தது. அழுகல் மேலும் கீழும் நெடுந்தூரம் போயிருந்தது. பக்கவாட்டில் அவ்வளவு போகவில்லை. காயம் பட்ட நாளுக்குப் பின் உண்டான கட்டைக்குள்ளோ அநேகமாக எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மரம் நம்மைப் போலப் புண்ணை ஆற்றிக்கொள்வதில்லை, கெட்டுப்போன திசுவைப் புதுப்பிக்க அதனால் முடியாது, ஆகவே கெட்ட பகுதியைச் சுவர் வைத்து அடைத்துவிட்டு அதற்கு வெளியே வாழ்க்கையைத் தொடர்கிறது என்று ஷைகோ முடிவுக்கு வந்தார். 1970களில் அவர் முன்வைத்த இந்தக் கருத்தை அறையடைப்பு என்று தமிழில் சொல்லலாம். மொத்தம் நான்கு சுவர்கள். நீர்க்குழாய்களை அங்கங்கே அடைத்து மேல்கீழ்ப் பரவலைத் தடுப்பது முதலாவது, இருப்பதிலேயே பலவீனமானது. ஆண்டு அடுக்குகளின் விளிம்பு உட்புறப் பரவலைத் தடுக்கிறது. மையத்திலிருந்து வெளியே ஓடும் கதிர்த்திசுக்கள் பக்கவாட்டுப் பரவலைத் தடுக்கின்றன. நான்காவது சுவர் காயத்துக்கு முன்னால் கிடையாது. காயம் பட்டபின் வளர்படலம் புதிதாக இடும் தடுப்பு அடுக்கு அது. நான்கிலும் அதுவே வலுவானது. அதற்கு உள்ளே இருப்பதை மரம் காளானுக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறது. வெளியே புது மரம் தொடங்குகிறது.

இதிலிருந்து ஒரு சுவையான விஷயம் பிறக்கிறது. நான்காவது சுவர் தாங்கியிருந்தால், பொந்தின் அகலம் காயம் பட்ட நாளில் மரம் இருந்த பருமனைத் தாண்டாது. ஒரு முழ அகலப் பொந்தை இன்று பார்க்கிறோம் என்றால், மரம் ஒரு முழப் பருமன் இருந்த காலத்தில், அல்லது அதற்குக் கொஞ்சம் பின்னால், ஏதோ நடந்திருக்கிறது. கிளை முறிந்திருக்கலாம், வண்டி இடித்திருக்கலாம், யாராவது தீ வைத்திருக்கலாம். சில காளான்கள் இந்தச் சுவரையும் உடைக்கும், ஒன்றின்மேல் ஒன்றாகக் காயங்கள் பட்டால் கணக்கு குழம்பும் என்பதும் உண்மைதான்.

பொந்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து சிமெண்ட் கொட்டி அடைப்பது ஒரு காலத்தில் மேல்நாடுகளில் மரவைத்தியமாகவே நடந்தது. நம் ஊரில் பழைய தலமரங்களுக்கு இன்றும் நடக்கிறது. சுரண்டும்போதே அந்தத் தடுப்பு அடுக்கு உடைந்துவிடுகிறது. பிறகு காற்றில் மரம் அசையும், சிமெண்ட் அசையாது. இடுக்கில் ஈரம் தங்கும். வெட்டுக்காயத்தில் தார் பூசினாலும் அழுகல் நிற்பதில்லை என்று ஷைகோ சோதித்தே காட்டினார். பக்தியில் குறை சொல்ல முடியாது. ஆனால் மரம் பல ஆண்டுகள் பாடுபட்டுக் கட்டிய சுவரை ஒரே நாளில் கொத்தனார் இடிப்பதைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

உள்ளே உளுத்துப்போனது மரத்துக்கு முழு நஷ்டமும் இல்லை. வைரத்தில் பூட்டிக் கிடந்த தாதுக்கள் காளானின் தயவால் எருவாகின்றன. சில மரங்கள் சொந்தப் பொந்துக்குள்ளேயே புது வேர் இறக்கி அந்த எருவை எடுத்துக்கொள்கின்றன.

பொந்தை விட்டு மேனியின் மற்ற அடையாளங்களுக்கு வருவோம். அடிமரம் ஒரு பக்கம் மட்டும் ஏன் பருத்திருக்கிறது? 1803இல் இங்கிலாந்தின் தாமஸ் ஆண்ட்ரூ நைட் ஆப்பிள் கன்றுகளை வைத்து ஒரு எளிய சோதனை செய்தார். சில கன்றுகள் வடக்கு தெற்காக மட்டும் ஆடும்படி கட்டினார். அந்தத் திசையில் அடிமரம் கூடுதலாகப் பருத்தது. எங்கே இழுவையும் அழுத்தமும் மிகுகிறதோ அங்கே மரம் கட்டை சேர்க்கிறது. சாய்ந்துவிட்ட மா, புளி போன்ற அகன்ற இலை மரங்கள் சாய்வின் மேல்பக்கத்தில் இழுத்துப் பிடிக்கும் தனிவகைக் கட்டையைப் போடுகின்றன. பைன் இனத்து மரங்கள் கீழ்ப்பக்கத்தில் முட்டுக்கொடுக்கும் கட்டையைப் போடுகின்றன. ஆகவே பழைய மரத்தின் புடைப்பைப் பார்த்து, எந்தப் பக்கத்துக் காற்றோடு அது மல்லுக்கட்டியது, எந்தக் கிளை போனபின் பாரம் எங்கே மாறியது என்று ஓரளவு ஊகிக்கலாம். முண்டுகளில் பலவும் உறங்கும் மொட்டுகள் நூற்றுக்கணக்கில் திரண்ட இடங்கள். மேலே ஏதாவது நேர்ந்தால் அங்கிருந்து துளிர்க்கும். உச்சி மொட்டையாகி, அதற்குக் கீழே அடர்ந்த சிறு குடை வைத்திருக்கும் மரத்தைச் சாகக் கிடப்பதாக நினைத்துவிடுகிறோம். தண்ணீரை எட்டாத உயரத்துக்கு ஏற்றுவதை விட்டுவிட்டு, கைக்கு அடங்கிய அளவுக்குக் குடித்தனத்தைச் சுருக்கிக்கொண்ட மரமாகவும் அது இருக்கலாம். இப்படிச் சுருங்கியபின் நூற்றாண்டுக் கணக்கில் வாழ்ந்த ஓக் மரங்கள் உண்டு.

இதன் உச்சத்தைக் கலிஃபோர்னியாவின் வெண்மலையில் பார்க்கலாம். எட்மண்ட் ஷுல்மன் 1957இல் அங்கே மெதுசலா என்ற பைன் மரத்தின் வயதை வளையங்களை எண்ணிக் கண்டார். இன்று அதன் வயது 4,800ஐத் தாண்டிவிட்டது. அந்த மலையின் மிக முதிய மரங்களில் பட்டையின் பெரும்பகுதி எப்போதோ உரிந்து, கட்டை காற்றிலும் மணலிலும் தேய்ந்து பளபளக்கிறது. ஒரு பக்கம் நாடா போல ஓடும் பட்டைக் கீற்று மட்டும் உயிரோடிருந்து, மேலே ஒரு கொத்து இலையைக் காப்பாற்றுகிறது.

வளையம் எண்ணும் வசதி நம் மரங்கள் பலவற்றில் கிடையாது. குளிரில் வளர்ச்சி நின்று மீண்டும் தொடங்கினால் வளையம் பளிச்சென்று விழும். மழையையும் கோடையையும் மட்டும் அறிந்த மரங்களில் தேக்கு போன்ற சில மட்டுமே நம்பகமான ஆண்டு வளையம் தருகின்றன. பொந்து மரத்திலோ எண்ணவேண்டிய முதல் வளையங்களே இல்லை. அப்படியானால் இலங்கையின் நெடுந்தீவிலும் மன்னாரிலும் நிற்கும் பெருக்கமரங்களின் வயதை எப்படிச் சொல்வது? ஆப்பிரிக்காவிலிருந்து கடல்வழி வந்த பாவோபாப் மரம் இது. மன்னார்ப் பள்ளிமுனை மரத்தின் சுற்றளவு சுமார் 19 மீட்டர். நெடுந்தீவு மரத்தின் பொந்துக்குள் வருகிறவர்கள் நுழைந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

பெருக்கமரத்தின் வயதைத் துப்பறிந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. ருமேனியாவின் குளூஜ் நகரப் பல்கலைக்கழக வேதியியலாளர் ஆட்ரியன் பத்ரூட், நிற்கும் மரத்தில் மெல்லிய துளைகருவியால் பென்சிலைவிட ஒல்லியான கட்டைக் கீற்றுகளை எடுத்தார். அவற்றில் இருக்கும் கரிமம்-14 எனும் கதிரியக்கக் கரிமத்தை அளக்கவைத்தார். காற்றிலிருந்து மரம் எடுக்கும் கரிமத்தில் இது மிகச் சிறிதளவு இருக்கும். கட்டை உருவானதும் வரவு நின்றுவிடும். அதன்பின் சுமார் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, அந்தக் கட்டை பிறந்த காலத்தைச் சொல்லலாம்.

பொந்தின் உட்சுவரில் துளையிட்டு வெளிநோக்கிப் போனால் என்ன எதிர்பார்க்க வேண்டும்? உள்ளே பழசு, வெளியே புதுசு. ஆகவே வயது சீராகக் குறைந்துகொண்டே வர வேண்டும். பல பெரிய பெருக்கமரங்களில் அப்படி வரவில்லை. உட்சுவரிலிருந்து கட்டைக்குள் போகப் போக வயது முதலில் ஏறியது. ஓரிடத்தில் உச்சம் தொட்டபின் வெளிப்பட்டை நோக்கி இறங்கியது. அதாவது மிகப் பழைய கட்டை சுவரின் உட்புறத்தில் இல்லை, சுவரின் கனத்துக்குள் இருந்தது. பொந்தின் உள்ளேயும் பட்டை இருந்தது. உளுத்து உண்டான பொந்தில் பட்டை ஏது? வட்டமாக முளைத்த பல அடிமரங்கள் பருத்துப் பருத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, நடுவில் விடுபட்ட இடம்தான் பொந்தாகத் தெரிகிறது, அங்கே கட்டை என்றுமே இருந்ததில்லை என்று பத்ரூட் விளக்கினார். பொய்ப்பொந்து என்று இதைச் சொல்லலாம். அலகாபாத்தை அடுத்த ஜூன்சியிலும், கிந்தூரிலும் உள்ள முதிய பெருக்கமரங்களை அவரது குழு சோதித்தபோது 750க்கும் 800க்கும் இடைப்பட்ட வயது வந்தது. ஊர்க்கதைகள் சொல்லும் ஆயிரங்களைவிடக் குறைவுதான். ஆப்பிரிக்காவில் 2,000ஐத் தாண்டியவை கிடைத்தன. ஆனால் அங்கே மிக முதிய 13 மரங்களில் 9, முழுதாகவோ அவற்றின் மூத்த அடிமரங்களோ, 2005க்குப் பிந்தைய பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் சாய்ந்துவிட்டதாக 2018இல் அதே குழு எழுதியது. வறட்சியும் வெப்பமும் காரணமாகலாம் என்று சந்தேகித்தார்கள், நிரூபணம் ஆகவில்லை.

மரம் நம்மைப் போல முதுமையடைகிறதா என்பது தனிக்கேள்வி. சீனாவில் 600 வயதைத் தாண்டிய கிங்கோ மரங்களின் வளர்படலத்தை இளமரங்களின் படலத்தோடு ஒப்பிட்டு 2020இல் ஒரு ஆய்வு வந்தது. நோய் எதிர்ப்புக்கான மரபணுக்களின் வேலையில் தளர்ச்சி தெரியவில்லை. ஆண்டு வளையம் மட்டும் மெலிந்திருந்தது. 403 மர இனங்களை அலசிய 2014ஆம் ஆண்டு ஆய்வோ, பெரும்பாலான இனங்களில் மரம் பெருக்கப் பெருக்க ஆண்டுக்குச் சேர்க்கும் எடையும் கூடுகிறது என்றது. மரம் சாவது மூப்பினால் என்பதைவிடப் புயல், மின்னல், காளான், கோடரி என்று வெளியிலிருந்து வருவதால்தான் அதிகம். ஆலமரத்துக்கு நடு அடிமரமே போனாலும் பரவாயில்லை: ஹௌராவின் தாவரவியல் பூங்காவில் இருக்கும் பெரிய ஆலமரத்தின் மூல அடிமரத்தைக் காளான் அரித்ததால் 1925இல் அகற்றினார்கள்; அடையாற்று ஆலின் மூல அடிமரம் 1989இல் புயலில் சாய்ந்தது. இரண்டும் விழுதுகளில் வாழ்கின்றன.

பொந்துக்குக் குடிவருபவர்களுக்குத்தான் காலம் முக்கியம். ஆனைமலைக் காடுகளில் இருவாச்சிப் பறவையின் பெடை பெருமரத்துப் பொந்துக்குள் புகுந்து, அலகு நுழையும் பிளவை மட்டும் விட்டு வாயிலைப் பூசிக்கொண்டு மாதக்கணக்கில் அடைகாக்கிறது. மரங்கொத்தியைப் போல மரம் குடைய அதற்கு வராது. காளான் செய்துவைத்த பொந்து வேண்டும், அதுவும் அவ்வளவு பெரிய உடம்பு கொள்ளும் பொந்து. சாலைக்காக வெட்டும் ஒவ்வொரு மரத்துக்கும் பதிலாகப் பத்துக் கன்று நடுவோம் என்று அறிவிக்கிறார்களே, அந்தப் பத்திலும் ஒரு கிளிக்குக்கூட இடம் கிடைக்கப் பல தலைமுறை ஆகும். ஸ்வீடனில் ஓக் மரங்களில் எண்ணிப் பார்த்தார்கள்: நூறு வயதுக்குட்பட்டவற்றில் நூற்றில் ஒன்றில்கூடப் பொந்து இல்லை. 200 முதல் 300 வயதில்தான் பாதி மரங்களில் பொந்து விழுகிறது.

அவ்வளவு காலம் காத்திருக்க முடியாத பறவைகளுக்கும் வண்டுகளுக்கும் வௌவால்களுக்குமாக 2012இல் ஸ்வீடன், நார்வே, இங்கிலாந்து நாடுகளில் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். நல்ல திடகாத்திரமான இளம் ஓக் மரங்களைத் தேர்ந்தெடுத்து மோட்டார் ரம்பத்தால் காயப்படுத்தினார்கள். மரங்கொத்தி குடைந்த துளை மாதிரி ஒன்று, குதிரை பட்டையைக் கடித்த காயம் மாதிரி ஒன்று என்று முதுமரங்களுக்குத் தற்செயலாக நேரும் விபத்துகளை ஒவ்வொன்றாக நகல் எடுத்து, காளான் எப்போது உள்ளே நுழைகிறது என்று காத்திருக்கிறார்கள்.